வழித்துணையின் அறம்

பறம்பு மலைக்குரிய பாரி மாய்ந்த பின், அவன் மகளிர் இருவரும் தந்தையையும் தாய்மண்ணையும் ஒருசேர இழந்து நின்றனர். அவர்களை உடனழைத்துக்கொண்டு மலையினின்றும் இறங்கியவர் கபிலர். அவர்க்கு அவ்விருவரும் பெற்ற மக்கள் அல்லர், உறவினரும் அல்லர். நண்பனின் மக்கள் என்பது ஒன்றே தொடர்பு. அத்தொடர்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு, விச்சிக்கோனிடம் சென்று அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். அவன் இசையவில்லை. அதன்பின் இருங்கோவேளிடம் சென்றார். அங்கும் மறுப்பே கிடைத்தது. இவ்வரலாற்றைப் புறநானூற்றின் பாடல்களும் அவற்றின் அடிக்குறிப்புகளும் நமக்குக் காத்துத் தந்துள்ளன.

பள்ளியில் பயின்ற நாளில், இந்நிகழ்ச்சியைப் பாரியின் கொடைப்புகழுக்கு ஒரு பின்னுரையாகவே நாம் கொண்டோம். அம்மகளிரின் பக்கம் நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்திருப்பின், எவரேனும் எடுத்து வளர்த்திருப்பர். முதிர்ந்தவராக இருந்திருப்பின், தம் காலில் தாமே நின்றிருப்பர். அவர்களோ இரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தினர். அப்பருவத்தினரைக் கண்டு இரங்குவோர் பலர். உடன் நடப்போர் அரியர்.

இன்றும் நிலை அதுவேதான். அந்த அரிய தொண்டை மேற்கொண்டோருள் அமெரிக்க நாட்டுக் கிறித்தவத் தொண்டர் சிலரைப் பற்றி ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் மக்களும் மருமக்களும் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். பேரக்குழந்தையைக் காணச் சென்று திரும்பும் மூத்தோர், அண்டை வீட்டார் எவருடைய பிள்ளையையோ தம் இல்லத்தில் வைத்து வளர்க்கும் செய்தியை வியப்போடு சொல்லக் கேட்கின்றோம். அவ்வியப்பின் பின்னே இரு வினாக்கள் உள்ளன. பிறர் பிள்ளைக்குத் துணை நிற்பவன் தன் சமயத்தை எவ்விடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. தொடங்கிய துணையை இடையில் விடுவதற்கு அவனுக்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று.

பதினெட்டாம் வயதின் வாயில்

அந்நாட்டில், பெற்றோரிடம் வாழ்வது பிள்ளைக்குத் தீங்கு என்று நீதிமன்றம் முடிவு செய்யுமாயின், அப்பிள்ளை அரசின் பொறுப்பிற்கு மாறுகிறது. அரசு அதனை உறவினர் வீட்டிலோ, வளர்ப்புப் பெற்றோரிடத்திலோ, குழு இல்லத்திலோ சேர்க்கிறது. இவர்களை எல்லாம் தாய் தந்தையற்றோர் என்று எண்ணுதல் பிழை. பெரும்பாலோர்க்குப் பெற்றோர் உயிருடன் உள்ளனர். போதைப் பழக்கம், புறக்கணிப்பு, வன்முறை, சிறைவாசம் முதலியன அவர்களைப் பிரித்துள்ளன. 2023-ஆம் ஆண்டில் இவ்வாறு அரசின் பொறுப்பில் இருந்தோர் ஏறத்தாழ 3,40,000 பேர்.

சிறு குழந்தைகளைத் தத்து எடுத்துக்கொள்ள முன்வருவோர் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதினரை ஏற்பவர் குறைவு. ஆகவே இவ்வயதினர் பலர் ஓரில்லத்தினின்று மற்றோர் இல்லத்திற்கும், ஒரு பள்ளியினின்று மற்றொரு பள்ளிக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றனர். அவ்வாறு மாறும்போது தம் உடைமைகளைக் குப்பை கொட்டும் கறுப்பு நெகிழிப் பையில் திணித்து எடுத்துச் சென்றதை, வளர்ந்தபின் நினைவுகூர்வோர் பலர். தன் சட்டையும் நூலும் குப்பைப் பையில் செல்வதைக் காணும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன எண்ணும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன்பின் பதினெட்டாம் வயது வருகிறது. நம் வீடுகளில் அது கல்லூரி விண்ணப்பத்தின் காலம். பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை என்று தாய் குறைகூறும் காலம். அங்கே அது பொறுப்பு முடியும் நாள். அண்மை ஆண்டுகளில், எக்குடும்பத்தோடும் இணையாமலே இவ்வாறு வெளியேறியோர் ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 வரையினர். அவர்க்கு உதவ 1999-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விரும்பும் மாநிலங்கள் இருபத்தோராம் வயது வரை பராமரிப்பை நீட்டிக்க நடுவணரசு நிதி உதவி பெறலாம் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று மாநிலங்களில் இத்தகைய இளைஞர் எழுநூற்றுக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து கண்டது கவலைக்குரியது. இருபத்தாறு வயதிற்குள் அவருள் 31 முதல் 46 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் தங்க இடமின்றி இருந்துள்ளனர்.

சட்டம் பணம் தரும், படிவம் தரும். வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் படித்துப் பார் என்று சொல்ல ஓர் ஆளை அது தருவதில்லை. அவ்விடத்தில்தான் வழித்துணைவர் வருகின்றார்.

ஒரு வழித்துணைவர் செய்யும் பணி

தேவாலயங்களைச் சார்ந்த தொண்டர்கள் இப்பணிக்கு வரும்போது பெருஞ்செயல் எதையும் செய்வதில்லை. வாரம் ஒருமுறை ஓர் இளைஞனை அழைத்துச் சென்று உடனிருந்து உண்கின்றனர். வண்டி ஓட்டக் கற்பிக்கின்றனர். அந்நாட்டின் பல ஊர்களில் வண்டி ஓட்டத் தெரியாதவன் வேலைக்குப் போக வழியில்லை. வங்கியில் கணக்குத் தொடங்கவும், வரிப் படிவம் நிரப்பவும், வேலை நேர்முகத்திற்கு எவ்வுடை உடுப்பது என்று அறியவும் உதவுகின்றனர். கிறித்துமசு நாளில் தங்கள் மேசையில் ஓரிடம் வைக்கின்றனர். காய்ச்சல் என்றால் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்னும் வினாவிற்கு விடையாக இருக்கின்றனர்.

இதற்கு அவர்களைத் தூண்டுவது அவர்தம் மறை. துன்புறும் திக்கற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் சென்று பார்ப்பதே மாசற்ற சமய வாழ்வு என்னும் கருத்தை யாக்கோபின் திருமுகம் வலியுறுத்துகிறது. ‘சென்று பார்த்தல்’ என்னும் அச்செயல் கருதத்தக்கது. பொருளை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பதை அத்திருமுகம் போதுமெனக் கொள்ளவில்லை.

இத்தொண்டின் வரலாறு மாசு இல்லாததன்று. 1853-இல் நியூயார்க்கில் குழந்தைகள் உதவிச் சங்கத்தை நிறுவிய சார்லசு லோரிங் பிரேசு ஒரு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். தெருவில் அலைந்த பிள்ளைகளை இரயிலேற்றி, மேற்கே உள்ள உழவர் இல்லங்களில் சேர்ப்பது அவர் வகுத்த வழி. 1854 முதல் 1929 வரை ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு அனுப்பப்பட்டனர். பலர் நல்வாழ்வு பெற்றனர். சிலர் கூலியில்லா ஆட்களாயினர். நியூயார்க்குத் தெருக்களில் இருந்தோர் பலர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகள். அவர்களைச் சீர்திருத்தச் சபையினர் வீடுகளுக்கு அனுப்புவது உதவியா, மதமாற்றமா என்று கத்தோலிக்கர் சினந்து கேட்டனர். தமக்கெனத் தனி இல்லங்களையும் அமைத்தனர். பசியாற்றும் கை எதையும் கேளாமல் பசியாற்றுகிறதா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

சமயம் எவ்விடத்தில் நிற்க வேண்டும்?

அவ்வினாவை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. கொடுப்பவன் கைம்மாறு கருதலாகாது என்பதை வள்ளுவர் ஒப்புரவு பற்றிய அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மழையைக் காட்டி விளக்குகின்றார். பொருளைத் திருப்பிக் கேட்பது மட்டும் கைம்மாறன்று. ‘என் கடவுளை வணங்கு’ என்று எதிர்பார்ப்பதும் கைம்மாறே. ‘நான் செய்ததை நன்றியோடு சொல்’ என்று எதிர்பார்ப்பதும் அவ்வாறே.

‘நாங்கள் வற்புறுத்தவில்லை; அழைத்தோம், அவனாகவே ஆலயத்திற்கு வந்தான்’ என்று சிலர் விடை கூறக்கூடும். ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாத நிலையில் உள்ளவன் ‘ஆம்’ என்று சொல்வதற்கு என்ன மதிப்பு? வீட்டிற்கு வீடு மாறிய பிள்ளைக்கு, யாரையும் மனங்கோணச் செய்யலாகாது என்னும் அச்சம் உள்ளத்தின் அடியில் உறைந்து கிடக்கும். ஞாயிறு உணவுக்குப் பின் வழிபாடு என்றால் அது வழிபாட்டிற்கும் வரும். அதனை நம்பிக்கை என்று கொள்வது அப்பிள்ளைக்கும் நீதியன்று; அந்நம்பிக்கைக்கும் பெருமையன்று.

அவ்வாறாயின், தொண்டர் தம் சமயத்தை மறைத்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் வேண்டுவதில்லை. ‘எதற்காக எனக்கு இதெல்லாம் செய்கிறீர்கள்?’ என்று அவ்விளைஞன் கேட்கும் நாளில், உள்ளதை உள்ளபடி சொல்வதே வாய்மை. கேட்ட வினாவிற்கு விடையளிப்பது வேறு. விடையைச் சுமந்துகொண்டு வினாவைத் தேடி அலைவது வேறு.

உண்மையில் சமயத்திற்கு இப்பணியில் பெரியதோர் இடம் உண்டு. கைவிடப்பட்ட இளைஞன் தன்னை நெருங்குவோரைச் சோதிப்பான். சொன்ன இடத்திற்கு வரமாட்டான். மூன்று வாரம் பேசமாட்டான். வேண்டுமென்றே கடுஞ்சொல் கூறுவான். ‘நீயும் போகத்தானே போகிறாய், இப்பொழுதே போ’ என்பது அவற்றின் பொருள். அந்நிலையில் வெறும் இரக்கம் நெடுநாள் தாங்காது. நன்றி கிடைக்காத இடத்தில் இரக்கம் விரைவில் சினமாக மாறிவிடும். கிறித்தவ நெறியிலோ, தகுதி நோக்காத அன்பு என்றும், முறிக்கலாகாத உடன்படிக்கை என்றும் இரு கருத்துகள் உண்டு. தகுதியற்ற தன்னை இறைவன் கைவிடவில்லை என்று நம்பும் ஒருவர், தம்மை ஏசும் இளைஞனைக் கைவிடாமல் இருக்க அந்நம்பிக்கையினின்று வலிமை பெறலாம். ஆகவே நாம் கொள்ளும் கருத்து இது: சமயம் தொண்டரைக் கட்டுவதற்கே உரியது, பிள்ளையைக் கட்டுவதற்கு உரியதன்று.

இடையில் விடுதல்

இனி இரண்டாம் வினா. ‘நூறு நாள் செய்ய முடியாவிட்டாலும் பத்து நாள் செய்தால் பத்து நாள் நன்மைதானே?’ என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். அன்னதானத்திற்கு அது பொருந்தும். பத்து நாள் உண்டவன் பத்து நாள் பசி தீர்ந்தான். பதினோராம் நாள் நாம் இல்லாமையால் முந்தைய பத்து நாளின் உணவு நஞ்சாவதில்லை. உறவுக்கு அது பொருந்துமா?

அமெரிக்காவில் 1904-ஆம் ஆண்டு முதலே, பெரியவர் ஒருவரைச் சிறுவன் ஒருவனுக்கு அண்ணன் முறையில் துணையாக்கும் இயக்கம் இருந்து வருகிறது. அவ்வமைப்பைச் சார்ந்த ஆயிரத்திற்கு மேற்பட்ட இளையோரை ஆராய்ந்து, கிராசுமன், ரோட்சு என்னும் ஆய்வாளர் இருவர் 2002-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவ்விளையோர் அனைவரும் வளர்ப்பு இல்லத்தவர் அல்லர். ஆயினும் முடிவுகள் நமக்குப் பாடமாகும். ஓராண்டும் அதற்கு மேலும் துணை நீடித்தவர்களே மிகுதியான நன்மை பெற்றனர். மூன்று மாதங்களுக்குள் துணை அறுந்தவர்களுக்கோ, தம்மைப் பற்றிய மதிப்பு முன்னிருந்ததினும் குறைந்தது. கொடுமைக்கு ஆளாகி வந்த இளையோரின் உறவுகளே விரைவில் அறுபடும் வாய்ப்பு மிகுதி என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. யாருக்குத் துணை மிகத் தேவையோ அவரிடத்திலேயே துணை எளிதில் முறிகிறது.

இச்செய்தியைப் படித்தபோது நம் நெஞ்சில் தைத்ததற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் சிலர் சேர்ந்து இந்நகரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றிற்கு ஞாயிறுதோறும் சென்று கணக்கும் ஆங்கிலமும் கற்பித்தோம். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர் ஏழெட்டுப் பேர் வந்தனர். அவருள் ஒருவன் அதிகம் பேசமாட்டான். நாங்கள் புறப்பட்டு வாயிலில் செருப்பை மாட்டும்போது மட்டும் அருகில் வந்து, ‘அடுத்த ஞாயிறும் வருவீர்களா?’ என்று கேட்பான். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. நாங்களும் சிரித்துக்கொண்டே ‘வருவோம்’ என்போம்.

ஐந்து மாதம் சென்றோம். பின் எங்களில் ஒருவர்க்கு அலுவலக மாற்றல் வந்தது. இன்னொருவர் வீட்டில் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. மற்றவர் நகரின் மறுகோடிக்கு வீடு மாற்றினார். தீய எண்ணம் எவர்க்கும் இல்லை. முடிவு செய்து நிறுத்தினோமா என்றால் அதுவும் இல்லை; ஒரு ஞாயிறு தவறியது, மறு ஞாயிறும் தவறியது, அவ்வளவே. அச்சிறுவர்களிடம் சென்று ‘இனி வர இயலாது’ என்று சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஓராண்டு கழித்து அவ்வில்லத்தின் காப்பாளரைக் கடைத்தெருவில் கண்டோம். அவர் குறை கூறவில்லை. பேச்சிடையே மட்டும் சொன்னார்: அந்தப் பையன் சில வாரங்கள் ஞாயிறு காலையில் முன்படியில் உட்கார்ந்திருப்பானாம். பத்து மணிக்கு மேல் எழுந்து உள்ளே வந்து, ‘நான் ஒன்றும் காத்திருக்கவில்லை’ என்று தானாகவே சொல்வானாம். பிற்காலத்தில் அவனைத் தேட முயன்றபோது, பதினெட்டு முடிந்து அவன் சென்றுவிட்டிருந்தான். எங்குச் சென்றான் என்று சொல்வார் இல்லை.

அவனுக்கு நாங்கள் கற்பித்த கணக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, மற்றொன்றை ஐயமின்றிக் கற்பித்தோம்: மனிதர் வருவர், சிரிப்பர், போய்விடுவர் என்பதை. அவன் முன்பே அறிந்திருந்த பாடம் அது. நாங்கள் அதனை உறுதிப்படுத்தினோம். பொருளைக் கொடுப்பவன் கொடுத்த அளவில் கடமை முடிந்தவன் ஆகின்றான். தன்னைக் கொடுப்பவன் பிறர் நெஞ்சில் ஓர் எதிர்பார்ப்பை விளைவிக்கின்றான். விளைவித்தவன் அதற்குக் கடன்பட்டவன் ஆகின்றான். நாங்கள் ‘வருவோம்’ என்றது முகமன் மொழி. அவன் அதனை வாக்காகக் கொண்டான். பிழை அவனுடையதன்று.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்வளவு கடுமையாக அளந்தால் தொண்டுக்கு எவர்தாம் வருவர் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாற்றலும் நோயும் வீட்டுக் கடமையும் யாரையும் விட்டுவைப்பதில்லை. நம்மைப் போல் பிழைப்புக்காகப் பெயர்ந்து வாழ்வோர்க்கு அவை இன்னும் மிகுதி. வாழ்நாள் முழுதும் உடனிருப்பேன் என்று உறுதி கூறுபவரே வரவேண்டும் என்றால், அப்பிள்ளைகள் தனித்தே நிற்க நேரும்.

பெரிய வாக்கை அறம் நம்மிடம் கேட்கவில்லை. மெய்யான வாக்கையே கேட்கிறது. ‘மாதத்தில் இரு ஞாயிறு, ஓராண்டுக்கு’ என்று சொல்லி அதனைக் காப்பவர், ‘என்றும் உன் அண்ணனாக இருப்பேன்’ என்று சொல்லி ஐந்து மாதத்தில் மறைபவரினும் உயர்ந்தவர். வர இயலாத வாரத்தில் முன்கூட்டிச் சொல்லலாம். போகவேண்டிய காலம் வந்தால் நேரில் சென்று விடைபெறலாம். ‘உன்னால் அன்று, என் சூழ்நிலையால்’ என்பதை அவன் காதில் படும்படி சொல்லலாம். தமக்குப் பதிலாக மற்றொருவரை அறிமுகம் செய்து, சில நாள் மூவராக அமர்ந்து, பின் விலகலாம். தொலைவிலிருந்தும் பிறந்தநாளுக்கு ஒரு மடல் எழுதலாம். இவை சிறியவை. இவற்றைச் செய்தோமாயின், பிரிவு துயரம் தரும். ஆனால் கைவிடுதல் ஆகாது.

கபிலர் செய்ததும் இதுவன்றோ? முதல் வாயில் அடைபட்டவுடன் அவர் திரும்பிவிடவில்லை. இரண்டாம் வாயிலுக்கும் நடந்தார். அதுவும் அடைபட்டபின், அம்மகளிரை அந்தணரிடம் அடைக்கலமாக ஒப்படைத்த பின்னரே வடக்கிருந்தார் என்று அடிக்குறிப்புகள் உரைக்கின்றன. அவர் பிரிவு பற்றி வேறு வினாக்கள் எழலாம். ஒப்படைக்காமல் அவர் பிரியவில்லை என்பது மட்டும் தெளிவு.

நம் வாயிலில் நிற்போர்

இது கடல் கடந்த நாட்டின் செய்தி மட்டுமன்று. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்பிற்கும், பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்கான பின்பராமரிப்பிற்கும் இடம் வகுத்துள்ளது. சட்டம் வகுத்த இடத்தில் மனிதர் போதிய அளவில் நிற்கவில்லை. ஒவ்வொரு பெருநகரிலும் அவ்வயதை எட்டிய இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு பெட்டியோடு இல்லத்தின் வாயிலைத் தாண்டிக்கொண்டிருக்கின்றனர்.

அந்தப் பெட்டியை நாம் அறிவோம். நம்முள் பலர் அல்லது நம் தந்தையர், இவ்வாறே ஒரு தகரப் பெட்டியோடு இந்நகரத்து இரயில் நிலையத்தில் இறங்கியவர்கள். மொழி தெரியாது, தெரு தெரியாது. யாரோ ஒரு தமிழர் தம் அறையில் பாய் விரிக்க இடம் தந்தார். இன்னொருவர் வீட்டுக்காரரிடம் ‘நம்ம பையன்தான்’ என்று பொறுப்பேற்றார். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மாமி இரசஞ்சோறு கொடுத்தனுப்பினார். அவர்கள் நம் உறவினர் அல்லர். அவர்கள் இன்றேல் நாம் இல்லை, இச்சங்கமும் இல்லை.

தூரின் நகரில் 1841-இல் சிறுவர்க்குத் தொண்டு தொடங்கிய தொன் போசுகோவும் இத்தகையோரிடம்தான் சென்றார். சிற்றூர்களிலிருந்து வேலை தேடி நகருக்கு வந்த கொத்து வேலைச் சிறுவர் அவரிடம் திரண்டனர். ஞாயிறன்று கூட்டி விளையாடியதோடு அவர் நில்லாமல், வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கே சென்று பார்த்தார். சிறுவனை அடிக்கலாகாது, தொழில் தவிர வேறு ஏவல் கொள்ளலாகாது என்று தொழில் முதலாளியிடம் எழுதி வாங்கிய 1852-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இன்றும் உள்ளது. இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பது அவர் 1884-இல் எழுதிய மடலின் சாரம். அவர் வழிவந்த சலேசியத் துறவியர் 1906-இல் இந்தியாவில் முதன்முதல் வந்து பணி தொடங்கிய ஊர் தஞ்சாவூர் என்பது நமக்கு நினைவிருக்கட்டும்.

இப்பணி கிறித்தவர்க்கே உரியதன்று. அவர்கள் தம் மறையினின்று பெறும் வலிமையை நாம் நம் குறளினின்றோ, திருமுறையினின்றோ, பாசுரத்தினின்றோ, திருக்குரானினின்றோ பெறலாம். எச்சமயமும் சாராமல் நன்றியுணர்வினின்றும் பெறலாம். எங்கிருந்து பெற்றாலும், அது நம்மை நிலைநிறுத்துவதாக இருக்கட்டும்.

சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு இல்லத்துச் சிறுவரை அழைத்து இனிப்பு வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். அது தவறன்று; ஆனால் அது பொருட்கொடை. அடுத்த ஆண்டு நம்முள் நால்வரேனும், நால்வர்க்கு மட்டுமேனும், ஓராண்டுக்கு வழித்துணையாக நிற்க முன்வருவோமா? முன்வருமுன் நம் நாட்குறிப்பைப் பார்ப்போம். வீட்டாரோடு கலந்து பேசுவோம். இயலாது எனத் தோன்றினால் அதனை இப்பொழுதே சொல்லிவிடுவோம்.

ஏனெனில் செருப்பை மாட்டும் வேளையில் ஒரு குரல் நம்மைக் கேட்கும்: ‘அடுத்த ஞாயிறும் வருவீர்களா?’ அதற்கு நாம் சொல்லும் விடை மெய்யாக இருக்க வேண்டும்.